நடுக்கம் நீக்கிய பிரதி

வீடியோவின் நடுக்கத்தைச் சரிசெய்யும் சாஃப்ட்வேர் பற்றி ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் முன்கூட்டியே கேட்டுவிட்டார். தென்காசி கோபுரவாசலில், காற்று வேட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில் கேட்டார். அங்கே நின்று எதையும் வாதிக்க முடியாது. பாதி வாக்கியத்தைக் காற்று கொண்டுபோய்விடும். ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன்.

கவிதையைத் திருத்துவது, பழம்பிரதியைச் செப்பனிடுவது, மொழிபெயர்ப்பில் மூலத்தின் முரட்டுத்தனத்தை இழைத்துவிடுவது ஆகிய காரியங்களைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் ஐம்பது வருஷங்களாகச் சண்டை போட்டு வந்திருக்கின்றன. அந்தச் சண்டைகளில் ரசனை, மரபு, மேதைமை என்ற வார்த்தைகள் புகுந்து விஷயத்தை மூடிவிடுவதுதான் வழக்கம். இந்த சாஃப்ட்வேருக்கு ரசனை கிடையாது. அது செய்வதை எண்ணில் சொல்லிவிடலாம். திருத்தம் என்ற செயலை அதன் நிர்வாணத்தில் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததில்லை.

1

2014ஆம் வருஷம் ஆடி மாதம் ஐந்தருவியில் என் அப்பா எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. மூன்று நிமிஷம் நாற்பது வினாடி. வினாடிக்கு முப்பது ஃப்ரேம் வீதம் 6600 ஃப்ரேம்கள். நாங்கள் குளிக்கப் போகும்போது துணிகளோடு தள்ளி நின்ற அவர் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுப் போனோம். பார்க்கின்சன் நோய் அவருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எடுத்தவர் அவர் என்பதால் படத்தில் அவர் இல்லை. அவர் குரல் இரண்டு இடங்களில் கேட்கிறது. 2021இல் காலமானார்.

போன நினைவு நாளன்று இதைப் போட்டுப் பார்க்கலாம் என்று தங்கை சொன்னாள். போட்டோம். படம் ஆடிய ஆட்டத்தில் அரை நிமிஷத்துக்குள் அம்மா, "தல சுத்துது, நிப்பாட்டு" என்றாள். சரிசெய்து தருகிறேன் என்று நான் ஏற்றுக்கொண்டேன். இந்த வார்த்தையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சரிசெய்கிறேன் என்று சொன்ன கணத்திலேயே, அதில் பிழை இருக்கிறது என்றும் அந்தப் பிழைக்குச் சொந்தக்காரர் யார் என்றும் நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இந்தக் காரியம் இரண்டு கட்டங்களில் நடக்கிறது. முதல் கட்டத்தில் சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் துலக்கமான புள்ளிகளைத் தேர்ந்து, அடுத்த ஃப்ரேமில் அவை எங்கே போயின என்று பார்க்கிறது. பெரும்பாலான புள்ளிகள் ஒரே திசையில் நகர்ந்திருந்தால் காமிராதான் எதிர்த்திசையில் நகர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. இப்படியே காமிரா போன பாதை முழுவதையும் அனுமானித்து எழுதி வைத்துக்கொள்கிறது. இரண்டாம் கட்டத்தில் அந்தப் பாதையை மழுப்புகிறது. உண்மையான பாதைக்கும் மழுப்பிய பாதைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு தூரம் ஒவ்வொரு ஃப்ரேமையும் நகர்த்துகிறது, திருப்புகிறது. நகர்த்திய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கறுப்பாக ஓர் இடைவெளி விழும். அது தெரியாமலிருக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறது.

நான் முதலில் பேராசைப்பட்டேன். காமிரா முக்காலியில் நின்றது போல, அசைவே இல்லாமல் ஆக்கும்படி கேட்டேன். வந்த பிரதியில் ஐந்தருவிப் பாறை மேலே ஏறியது. கொஞ்ச தூரம் ஏறி, ஒரு துள்ளலில் கீழே விழுந்து, மறுபடி ஏறியது. காரணம் எளிது. சட்டத்தில் பெரும் பகுதி தண்ணீர். பெரும்பான்மைப் புள்ளிகள் தண்ணீரில் இருந்தன. பெரும்பான்மை கீழே போகிறது. ஆகவே காமிரா மேலே போகிறது என்று நம்பி, தண்ணீரைப் பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறது. தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் மலை ஏறித்தானே ஆக வேண்டும்.

இந்தப் பிரமை மனிதக் கண்ணுக்கும் உண்டு. 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபோயர்ஸ் அருவியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்பினார். பாறை மேலே ஏறுவது போலிருந்தது என்று எழுதி வைத்தார். குற்றாலத்தில் யாரும் இதைச் செய்து பார்க்கலாம். கண்ணின் பிரமைக்குக் காரணம் களைப்பு. சாஃப்ட்வேரின் பிரமைக்குக் காரணம் பெரும்பான்மையின் மேல் வைத்த நம்பிக்கை. கண் சில வினாடிகளில் தெளிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

2

தண்ணீர்ப் பகுதியைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, பாறையையும் கைப்பிடிக் கம்பியையும் மட்டும் நம்பும்படி செய்தேன். அசைவே கூடாது என்ற பேராசையையும் விட்டேன். மழுப்பும் அளவை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். வித்ஸ்டாப் என்ற இலவச சாஃப்ட்வேரில் அதை 10 என்று வைத்தேன். முன்னே பத்து ஃப்ரேம், பின்னே பத்து ஃப்ரேம், நடுவில் ஒன்று, ஆக இருபத்தொரு ஃப்ரேம்களைச் சேர்த்துப் பார்த்து, அந்த நடு ஃப்ரேம் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இருபத்தொரு ஃப்ரேம் என்றால் முக்கால் வினாடிக்குச் சற்றுக் குறைவு. அப்பாவின் நோயில் வரும் நடுக்கம் வினாடிக்கு நான்கிலிருந்து ஆறு முறை என்பார்கள். ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஆறு ஃப்ரேமுக்கு ஓர் ஆட்டம். முக்கால் வினாடிக்குள் மூன்று ஆட்டத்துக்கு மேல் வந்துவிடும். மேலே போனதும் கீழே வந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட, பாதை நேராகிவிடுகிறது. மெதுவாகக் காமிராவைத் திருப்பியது மட்டும் மிஞ்சுகிறது.

பிரதி அற்புதமாக வந்தது. பாறை நின்றது, தண்ணீர் விழுந்தது. அம்மா முழுவதும் பார்த்தாள். "இப்பம் நல்லாத் தெரியுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது யாரு எடுத்தது?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உணர்ச்சிவசப்பட எனக்கு விருப்பமில்லை. இது ஒரு விமர்சனக் கேள்வி. பதிலைப் பிரதிக்குள்ளேயே தேட வேண்டும். தேடினேன். இரண்டு நிமிஷம் பத்தாவது வினாடியில் நான் பாசியில் கால் வழுக்கி உட்காருகிறேன். அப்பா சிரிக்கிறார். மூலத்தில் அந்த இடத்தில் படம் குலுங்குகிறது. பாறை, தண்ணீர், கம்பி எல்லாம் சேர்ந்து சிரிக்கின்றன. திருத்திய பிரதியில் சிரிப்புச் சத்தம் இருக்கிறது, படம் சலனமில்லாமல் நிற்கிறது. யாரோ படம் எடுக்க, பக்கத்தில் வேறு யாரோ சிரிப்பது போலிருக்கிறது. சிரிப்பை அளந்து பார்த்த ராபர்ட் ப்ரொவைன் என்ற உளவியலாளர் அதன் அடிகள் சுமார் 210 மில்லி வினாடிக்கு ஒன்று வீதம் வருவதாக எழுதியிருக்கிறார். அதாவது வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து. நோயின் நடுக்கமும் அதே ஐந்து. சாஃப்ட்வேரின் கணக்கில் அப்பாவின் வியாதியும் அப்பாவின் சந்தோஷமும் ஒரே எண். ஒன்றை நீக்கச் சொன்னேன்; இரண்டையும் நீக்கியது. அது தவறே செய்யவில்லை.

இன்னும் இரண்டு சேதங்கள் உண்டு. கை ஆடும்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் உருவம் இழுபட்டு மங்கியிருக்கும். ஃப்ரேமை நகர்த்தலாம், உள்ளே பதிந்த மங்கலை நகர்த்த முடியாது. எனவே அசையாத படத்தில் பாறை அவ்வப்போது காரணமின்றி மங்கித் தெளிகிறது. நடுவில் ஒரு சொல்லை நீக்கிவிட்ட கவிதையில், அந்தச் சொல்லின் விளைவு மட்டும் அடுத்த வரியில் அலைந்துகொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். இரண்டாவது, ஓரம். படத்தை நூற்றுக்குப் பதினைந்து பெரிதாக்கினால் சட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். மூலத்தில் இடது ஓரத்தில் படியில் உட்கார்ந்து அம்மா தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள். திருத்திய பிரதியில் அவள் இல்லை.

3

குற்றாலத்தில் இருந்துகொண்டு திருத்தம் பற்றிப் பேசுகிறவன் ரசிகமணி டி.கே.சி.யைத் தாண்டிப் போக முடியாது. 1954இல் மறைந்த அவர் தன் கடைசி வருஷங்களை இங்கேதான் கழித்தார். 'கம்பர் தரும் ராமாயணம்' என்று மூன்று பாகங்களில் அவர் கொண்டுவந்த பதிப்பில், கம்பனுடையவை அல்ல என்று தன் காதுக்குப் பட்ட பாடல்களை ஒதுக்கினார். ஏற்ற பாடல்களிலும் சொற்களை மாற்றினார். பண்டிதர்கள் கோபித்தார்கள். ஆனால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளைப் பார்த்துத் தலைசுற்றி விலகியிருந்தவர்களைக் கம்பனிடம் உட்கார வைத்தவர் அவர்தான் என்பதையும் மறுக்க முடியாது. அந்த வாசகர்களும் என் அம்மாவைப் போல, "இப்பம் நல்லாத் தெரியுது" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. தெரிவது முக்கியம். தலை சுற்றுகிறவனிடம் மூலத்தின் புனிதத்தைப் பிரசங்கம் செய்வது ஒரு வகைக் குரூரம்.

டி.கே.சி.க்குக் காது இருந்தது, சாஃப்ட்வேருக்கு இல்லை. அவர் ஒரு பாட்டின் நடுக்கம் எதனால் என்று கேட்டார், தனக்குப் பதில் கிடைத்தது என்று நம்பினார். இந்த வித்தியாசம் பெரிது. ஆயினும் முறை ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு பாட்டையும் அவர் அதன் முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளோடு, தன் காதில் ஓடிய கம்பன் என்ற ஒரு வழவழப்பான பாதையோடு ஒப்பிட்டார். விலகியதை இழுத்துப் பாதையில் வைத்தார். கம்பனே ஓரிடத்தில் வழுக்கியிருக்கலாம், அல்லது சிரித்திருக்கலாம் என்பதற்கு அந்த முறையில் இடமில்லை. ஓரங்கள் வெட்டுப்பட்டதும் அவர் வாசகனுக்குத் தெரியாது. அவன் கையில் இருப்பது முழுச் சட்டம் என்றே அவனுக்குத் தோன்றும்.

நம் காலத்து உதாரணம் வேண்டுமானால் மௌனியை எடுத்துக்கொள்ளலாம். அவர் வாக்கியங்கள் இலக்கணத்தில் தடுமாறும் இடங்கள் உண்டு. ஒரு நல்ல பள்ளிக்கூட வாத்தியார் அரை மணியில் அவற்றைச் சரிசெய்துவிடுவார். செய்த பிறகு கதை இருக்கும், கதாபாத்திரங்கள் இருப்பார்கள், படிக்கிறவன் 'இதை யார் எழுதியது' என்று கேட்பான்.

4

இதிலிருந்து நடுக்கமே கலை என்று ஒரு கட்சி புறப்படும். அந்தக் கட்சியில் நான் இல்லை. கல்யாண வீடியோவும் சினிமாவும் எடிட் செய்யப்படும் அதே கம்ப்யூட்டரில் நடுக்கத்தைச் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. வினாடிக்கு எத்தனை முறை, எவ்வளவு தூரம் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும். முக்காலியில் வைத்து எடுத்த காட்சி, கலவரத்துக்கு நடுவே ஓடிக்கொண்டே எடுத்தது போல் ஆகிவிடும். ஒருவன் கையிலிருந்து நீக்கிய ஐந்தை இன்னொருவனின் அசையாத படத்துக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வரியை உடைத்துப் போட்டுப் புதுக்கவிதை என்று பெயர் வைத்த காரியம் இதுதான். உடைந்த வரிக்கும் உடைத்த வரிக்கும் வித்தியாசம் தெரியாத விமர்சனம் நமக்கு வாய்த்ததால் அது இத்தனை நாள் செல்லுபடியாயிற்று.

திருத்தும் பக்கத்தில் இருப்பவர்களின் லட்சியத்தையும் பார்க்க வேண்டும். 2011இல் க்ருண்ட்மன், க்வாத்ரா, எஸ்ஸா என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காமிராவின் பாதையை மூன்றே மூன்று விதமான துண்டுகளாக மாற்றும் வழியை அது சொன்னது: நிற்பது, சம வேகத்தில் நகர்வது, சம முடுக்கத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. தொழில்முறை ஒளிப்பதிவாளர்கள் முக்காலியையும் தண்டவாள வண்டியையும் வைத்துச் செய்வதை இது பின்பற்றுகிறது என்று அவர்களே சொன்னார்கள். யூட்யூபில் அந்த முறை பயன்பட்டது. பேரன் பிறந்த நாளை எடுத்த தாத்தாவும், பஸ் ஜன்னலிலிருந்து மலையை எடுத்த பையனும் ஒரே பெயரற்ற தொழில்காரனாக மாறிவிடலாம். 1976இல் 'பௌண்ட் ஃபார் குளோரி' படத்தில் முதலில் தெரிந்த கேரட் ப்ரௌனின் ஸ்டெடிகாம் வேறு ஜாதி. அது உடம்புக்கும் காமிராவுக்கும் நடுவில், எடுக்கும் நேரத்திலேயே வேலை செய்தது. நடந்தவன் நடந்த நடைதான் படத்தில் இருந்தது. நடந்து முடிந்த பிறகு, நீ இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

நடுக்கம் எப்போது காப்பாற்றப்பட வேண்டியது? படத்தில் தெரியாத ஒன்று நடுக்கத்துக்குத் தெரிந்திருக்கும்போது. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் ஆபிரகாம் ஜப்ரூடர் எட்டு மில்லிமீட்டர் காமிராவில் கென்னடி சுடப்பட்டதை எடுத்தார். 486 ஃப்ரேம்கள், அரை நிமிஷம்கூட இல்லை. பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கிய லூயி ஆல்வரஸ் 1976இல் அந்தப் படத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சில ஃப்ரேம்களில் வெளிச்சப் புள்ளிகள் கோடாக இழுபட்டிருப்பதை அவர் பார்த்தார். வெடிச் சத்தத்துக்கு ஜப்ரூடரின் கை தன்னையறியாமல் துள்ளியதன் தடயம் அது என்று கொண்டு, வெடிகள் எப்போது வெடித்தன என்று கணக்கிட்டார். அவர் முடிவுகளை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் ஊமைப் படத்தில் சத்தத்தைத் தேட அவருக்கு இருந்த ஒரே இடம் அந்த நடுக்கம். அதே படத்தின் நடுக்கம் நீக்கிய பிரதிகள் பிற்பாடு புழங்கின. அவற்றில் காரும் மனிதர்களும் தெளிவாகத் தெரிகிறார்கள். ஆல்வரஸின் கேள்வியை அவற்றிடம் கேட்க முடியாது.

நமக்கு இன்னும் பக்கத்தில், 2009இல் வன்னியின் கடைசி மாதங்களில் எடுத்த காட்சிகள் இருக்கின்றன. 2013இல் வந்த 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தில் அவற்றில் சிலவற்றைப் பார்த்தேன். அகப்பட்டவர்கள் எடுத்தவையும் உண்டு, அகப்படுத்தியவர்கள் எடுத்தவையும் உண்டு. யார் கை ஆடியது, யார் கை ஆடவில்லை என்பது அங்கே அழகியல் சமாச்சாரம் இல்லை.

5

குற்றாலத்துச் சித்திர சபையில் நடராஜரின் நடனம் சுவரில் சித்திரமாக இருக்கிறது. ஐந்து சபைகளில் இது ஒன்றில்தான் ஆட்டம் வர்ணத்தில் நிற்கிறது. சித்திரம் அசைவதில்லை, ஆனால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று பார்க்கிறவனுக்குத் தோன்றுவதுமில்லை. ஆட்டத்தில் எந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும் என்று ஒருவன் தீர்மானித்ததால் வந்த நிச்சலனம் அது. சராசரி எடுப்பதால் இப்படி ஒரு நிச்சலனம் வராது. ஐந்தருவி வீடியோவில் என்னால் சித்திரக்காரனாக முடியாது என்பது அங்கே நின்றபோது எனக்குத் தெரிந்தது. நான் பதிப்பாசிரியன் மட்டுமே.

பதிப்பாசிரியனுக்கு டி.கே.சி. அல்லாத இன்னொரு முன்மாதிரி உ.வே.சாமிநாதையர். அவரும் ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்களில் ஒன்றைத் தேர்ந்தார், பிழை என்று பட்டதை விலக்கினார். ஆனால் விலக்கிய பாடத்தைப் பக்கத்தின் அடியில் பாடபேதமாக நிற்க வைத்தார். படிக்கிறவன் மேலே தடையில்லாமல் போகலாம். சந்தேகம் வந்தால் கண்ணைக் கீழே இறக்கலாம். எங்கள் பாங்கிலும் இதுதான் சட்டம். தப்பான என்ட்ரியை அழிக்கக் கூடாது. எதிர் என்ட்ரி போட்டு நேர் செய்ய வேண்டும். இரண்டும் கணக்கில் நிற்கும்.

கடைசியாக நான் செய்தது இவ்வளவுதான். மழுப்பும் எண்ணை மாற்றவில்லை, 10 அப்படியே இருந்தது. படத்தைப் பெரிதாக்க வேண்டாம், ஓரத்தை வெட்ட வேண்டாம், நகர்த்தியதால் விழும் இடைவெளியைக் கறுப்பாகவே விட்டுவிடு என்று சொன்னேன். அதற்கும் அந்த சாஃப்ட்வேரில் வழி இருக்கிறது. அழகாக இருக்காது என்பதால் யாரும் அதைக் கேட்பதில்லை. இப்போது பாறை நிற்கிறது. சட்டம் ஆடுகிறது. படத்தைச் சுற்றி ஒரு கறுப்பு விளிம்பு வினாடிக்கு ஐந்து முறை ஏறி இறங்குகிறது, நான் வழுக்கி விழும் இடத்தில் தாறுமாறாகத் துள்ளுகிறது. இடது ஓரத்தில் அம்மா திரும்பி வந்து தலை துவட்டுகிறாள். சில வேளை கறுப்பு அவள் தோளைத் தின்று மறுபடி விட்டுவிடுகிறது. மூலத்தை வேறு பெயரில் தொடாமல் வைத்திருக்கிறேன்.

அழகில்லாத பிரதி. இதைப் போட்டி எதற்கும் அனுப்ப முடியாது. பழைய பாடபேதப் பக்கங்களும் அச்சில் அழகாக இருந்ததில்லை.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தலை சுற்றவில்லை. அந்தக் கறுப்பு என்ன என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவளே, "கை நடுக்கம்லா அது" என்றாள். பிறகு முதலிலிருந்து ஒருமுறை போடச் சொன்னாள்.